கண்ணாடி வளையல்களைக் கொல்கத்தாவுக்குக் கொண்டுபோனது

வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியின் டிராவல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். பிறர் ஊருக்குப் போக டிக்கெட் போடுவதும், போன இடத்தில் பெட்டி வந்து சேராவிட்டால் அவர்களிடம் திட்டு வாங்குவதும்தான் என் உத்தியோகம். அதனால் பெட்டி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அகம்பாவம் உண்டு. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதல் தடவை பறக்கும்போது எதைக் கேபினில் வைக்கலாம், எதைச் செக்-இன் செய்ய வேண்டும் என்று என்னைத்தான் கேட்பார்கள். நானும் நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, எல்லாருக்கும் ஒரே மருந்தைத்தான் கொடுப்பேன். எது தொலைந்தால் அழுவாயோ அதைக் கையை விட்டு அனுப்பாதே, மற்றதெல்லாம் வயிற்றில் போகட்டும். விமானத்தின் வயிற்றைச் சொல்கிறேன்.

என் கணவர் இதற்கு நேர் எதிர். இரண்டு நாள் பயணம் என்றாலும் பெரிய பெட்டியைச் செக்-இன் கவுன்டரில் தள்ளிவிட்டுக் கையை வீசிக்கொண்டு நடப்பார். போய் இறங்கியதும் பெல்ட் பக்கத்தில் நின்று, பெட்டி எப்போது வரும் என்று ரயிலடியில் மாமனாரை எதிர்பார்க்கிறவர் போலச் சிரித்த முகத்தோடு காத்திருப்பார். நான் அருகில் நின்று பல்லைக் கடிப்பேன். அவர் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. மாரடைப்பு, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே. இப்போதெல்லாம் எங்கே போனாலும் பெல்ட் பக்கம் திரும்பாமல் நேராக வெளியே வந்துவிடுகிறேன். சீக்கிரம் வீடு போய்ச் சேரலாம். போய்ச் சேர்ந்து என்ன செய்யப்போகிறேன் என்பது வேறு விஷயம்.

அவர் போன பிறகு ஜீவனஹள்ளியில் அம்மா அப்பாவோடு வந்து இருந்துகொண்டேன். வேலூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள் அம்மா. கன்னடத்தில் சண்டை போடவும் உருதுவில் பேரம் பேசவும் தெரியும், ஆனால் பயப்படுவது மட்டும் தமிழில்தான். எனக்கு அவள் எந்தக் கெடுபிடியும் வைத்ததில்லை. பொட்டு வைத்துக்கொள்ளப்போகிறேன் என்று நான் ஒருநாள் சொன்னபோது, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், வைத்துக்கொள், அதில் என்ன இருக்கிறது என்றாள். ஆபீஸுக்கு வெறுங்கையோடு போகாதே என்று தன்னுடைய மெல்லிய தங்க வளையல் ஒன்றைக் கழற்றிக் கொடுத்ததும் அவள்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை இருந்தது. கண்ணாடி வளையல் அந்த எல்லைக்கு அப்பால் இருந்தது. சுப காரியங்களில் முன்னால் போய் நிற்பதும் அப்பால்தான். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டு அந்தப் பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்கிற பயம் எனக்கு.

என் தங்கை கொல்கத்தாவில் இருக்கிறாள். அவள் கணவருக்கு அங்கே பேங்க் வேலை. இரண்டு முறை உண்டாகி இரண்டு முறையும் தங்கவில்லை. முதல் தடவை போனில் அழுதாள். இரண்டாம் தடவை அழவே இல்லை, அதுதான் எங்களை அதிகமாகப் பயமுறுத்தியது. மூன்றாவது முறை ஏழாம் மாதம் வரைக்கும் வந்துவிட்டாள். ஆனால் படுக்கையை விட்டு அதிகம் எழக்கூடாது, பயணம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் வழக்கப்படி வளைகாப்பைத் தாய்வீட்டார்தான் செய்ய வேண்டும். அவள் வர முடியாவிட்டால் வளைகாப்பு அவளிடம் போகட்டும் என்று அம்மா முடிவு செய்தாள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள அத்தை வந்து இருப்பது, நானும் அம்மாவும் பறந்து போவது, மறுநாள் காலையில் அக்கம்பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் நாலைந்து பேரைக் கூப்பிட்டு வளையல் அடுக்கிவிட்டுத் திரும்புவது என்று ஏற்பாடு.

வளையல் அங்கே கிடைக்காதா என்று கேட்டேன். அந்த ஊர்க் கடையில் வாங்கினால் அது தாய்வீட்டு வளையல் ஆகிவிடுமா என்று அம்மா திருப்பிக் கேட்டாள்.

சிவாஜிநகரில் அம்மா வழக்கமாக வாங்கும் கடைக்குப் போனோம். எனக்கும் தங்கைக்கும் கை அளவு ஒன்று. சின்ன வயதிலிருந்தே வளையல் விஷயத்தில் எங்களுக்குள் நடந்த சண்டைக்கெல்லாம் அதுவே காரணம். கடைக்காரர், நல்ல வயசாளி, என் கையைப் பிடித்து விரல்களைக் குவித்துப் பார்த்துவிட்டு ரெண்டு நாலு சைஸ் என்றார். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பச்சை வளையலை எடுத்து என் விரல்களில் கோத்தும்விட்டார். அம்மா சட்டென்று, அவளுக்கு இல்ல பாய், சின்னவளுக்கு, என்றாள். அளவுதானம்மா பாக்குறேன் என்று சொல்ல வாயெடுத்தவர், அம்மாவின் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு மெதுவாக வளையலை வெளியே இழுத்துக்கொண்டார். அந்த மனிதர்மீது எனக்குக் கோபமே இல்லை. அம்மாமீது இருந்தது. ஆட்டோவில் நான் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் வளையல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் ஆட்டோக்காரரைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

வழியில் ஒரு வளையல் உடைந்தாலும் இந்தப் பிள்ளையும் தங்காது என்று அம்மா நம்பினாள். அப்படி அவள் சொல்லவில்லை. ஆனால் வாங்கி வந்த நாளிலிருந்து அந்தப் பெட்டி இருந்த அலமாரிப் பக்கம் யாரையும் வேகமாக நடக்கவிடவில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொள்வேன். நம்பிக்கை இல்லாதவள் அந்த அலமாரியைத் தாண்டும்போது ஏன் அடிமேல் அடி வைத்து நடந்தாள் என்று கேட்காதீர்கள்.

எப்படிக் கொண்டுபோவது என்பதில் தெருவே யோசனை சொன்னது. அரிசி டப்பாவுக்குள் புதைத்துச் செக்-இன் பெட்டியில் வைத்துவிடு, அரிசி அசையவிடாது என்றாள் பக்கத்து வீட்டு அம்மா. தலையணைக்குள் வைத்துத் தைத்துவிடலாம் என்றார் அப்பா. அத்தை மட்டும் உடையும் பொருள் என்று ஃப்ரஜைல் ஸ்டிக்கர் ஒட்டினால் போதும் என்றாள். எதைத் தூக்கிப் போடுகிறோம் என்று போடுகிறவர்களுக்குத் தெரிவிப்பதற்குத்தான் அந்த ஸ்டிக்கர் என்று நான் சொன்னேன். அம்மாவுக்கு அரிசி யோசனை பிடித்திருந்தது. அரிசி மங்கலமான பொருள், பெட்டியும் பெரியது. நான் ஒரு டிராவல் டெஸ்க்கின் மொத்த அதிகாரத்தையும் குரலில் வரவழைத்துக்கொண்டு, பெட்டிகள் பெல்ட்டிலிருந்து வண்டிக்கும் வண்டியிலிருந்து விமானத்துக்கும் எப்படிப் பறக்கின்றன என்று விளக்கினேன். கடைசியில் பங்கு பிரித்தோம். வரும் பெண்களுக்குக் கொடுக்கிற வளையல்கள், புடவைகள், மஞ்சள் குங்குமம், கலவை சாதத்துக்கான பொடிகள் எல்லாம் செக்-இன். தங்கையின் கையில் ஏறப்போகிற பச்சையும் சிவப்புமான வளையல்கள் மட்டும் கேபினில், எங்கள் கையோடு. அவற்றைக் கெட்டியான எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றிவிடலாம் என்றேன். சாமி படத்தின்முன் வைத்து மஞ்சள் தொட்டுவைத்த பெட்டி, இனி மாற்றக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். ஆகவே கடைக்காரர் கொடுத்த அதே அட்டைப்பெட்டி, ஒரு துண்டில் சுற்றி, துணிப்பையில்.

என் திறமையில் எனக்கிருந்த கர்வத்துக்கு இன்னொரு சாட்சி, நான் தேர்ந்தெடுத்த இருக்கைகள். அம்மாவுக்கு முழங்கால் வலி. காலை நீட்டி உட்காரட்டும் என்று விமானத்தின் முதல் வரிசையைப் பிடித்தேன். வி.ஐ.பி. சீட்டும்மா என்று சொன்னேன். அம்மா அதை அத்தையிடம் இரண்டு முறை சொன்னாள்.

ஏர்போர்ட்டில் பெரிய பெட்டியைப் போட்டுவிட்டுச் செக்யூரிட்டிக்குப் போனோம். எக்ஸ்ரேயில் வட்டம் வட்டமாகத் தெரிந்ததைப் பார்த்து, அங்கிருந்த பெண் காவலர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். யாருக்கு என்று இந்தியில் கேட்டார். தங்கைக்கு, ஏழாம் மாதம் என்றேன். மெட்டல் டிடெக்டர் பிடித்திருந்த கையால் அவரே மூடியை மெல்ல வைத்து அழுத்தி, துண்டையும் சுற்றிக் கொடுத்தார். நல்ல சகுனம் என்று அம்மா என் காதில் சொன்னாள்.

ஆனால் வீல்சேர் வேண்டாம், நான் என்ன நோயாளியா என்று அம்மா பிடிவாதமாக நடந்தே வந்ததால், விமானத்தில் கடைசியாக ஏறினவர்கள் நாங்கள்தான். எங்கள் வரிசைக்கு மேலே இருந்த அலமாரிகள் எல்லாம் நிரம்பிவிட்டன. பின்னால் உட்காருகிறவர்கள் தங்கள் டிராலியை முன்னாலேயே திணித்துவிட்டு நடந்துபோவார்கள். இறங்கும்போது சுலபமாக எடுக்கலாம் என்று ஒரு கணக்கு. இவர்களை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்கு இன்றுவரை சரியான வார்த்தை அகப்படவில்லை.

அம்மா வழக்கம்போலப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விமானப் பணிப்பெண் வந்து, முதல் வரிசையில் மடியிலும் வைக்கக்கூடாது, காலடியிலும் வைக்கக்கூடாது, எல்லாம் மேலேதான் போக வேண்டும் என்றாள். முன்னால் வேறு இருக்கை இல்லாததால் அடியில் தள்ளி வைக்க இடமில்லை. இந்த விதி எனக்குத் தெரியாதா. எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். டிக்கெட் போடும்போது அம்மாவின் முழங்காலை நினைத்தேனே தவிர, அம்மாவின் மடியை நினைக்கவில்லை.

அந்தப் பெண் நல்லவள்தான். பையை வாங்கி, இரண்டு டிராலிகளுக்கு நடுவே இருந்த சந்தில் வைத்து மூடியை அழுத்தினாள். உள்ளேயிருந்து கண்ணாடிச் சத்தம் கேட்டது. முழங்கால் வலிக்காரி என்று யாரும் நம்பாத வேகத்தில் அம்மா எழுந்து பையைப் பிடுங்கினாள். துண்டை அவிழ்த்துப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். எதுவும் உடையவில்லை. அம்மா மட்டும் திரும்பவும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள்.

பின்வரிசைக்காரரின் காலடியில் அவருடைய பையே பிதுங்கிக்கொண்டிருந்தது. அடுத்தடுத்த அலமாரிகளிலும் இதே கதை. கதவை மூடப்போகிறோம், வேண்டுமானால் டேக் போட்டுக் கீழே அனுப்பிவிடுகிறேன், இறங்கியதும் பெல்ட்டில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள் பணிப்பெண். நான் ஒரு வாரம் வாதாடித் தவிர்த்த அதே வயிறு. அம்மா ஒரு வளையலை எடுத்துத் தன் கையில் போட்டுப் பார்த்தாள். விரல் கணுக்கள் வீங்கிப்போன கை. வளையல் பாதியிலேயே நின்றுவிட்டது. இன்னொரு கையிலும் முயன்றாள். அதுவும் நின்றது.

எனக்கு அந்த யோசனை அவளுக்கு முன்பே வந்துவிட்டது. கடையில் நடந்ததற்குப் பிறகு நானாகக் கையை நீட்ட மாட்டேன் என்று இருந்தேன். பணிப்பெண் காத்துக்கொண்டிருந்தாள். பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா பெட்டியைப் பார்த்தாள், மேலே அலமாரியைப் பார்த்தாள், கடைசியாக என் பக்கம் திரும்பினாள்.

“கையக் குடு” என்றாள்.

கொடுத்தேன். கட்டைவிரலை உள்ளே மடக்கி, கணுக்களைச் சேர்த்து அழுத்தி, ஒவ்வொன்றாக ஏற்றினாள். அம்மாவின் விரல்களுக்கு என் கை மறந்துபோயிருக்கவில்லை. எந்த இடத்தில் வலிக்கும் என்று தெரிந்து அங்கே மட்டும் மெதுவாகப் போனாள். பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு என்று இரண்டு கையிலும் ஏறக்குறைய முழங்கை வரை வந்துவிட்டது. என் முகத்தை அவள் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை, நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காலிப் பெட்டியை வாங்கி மேலே செருகிவிட்டு, பியூட்டிஃபுல் மேடம் என்று சொல்லிவிட்டுப் போனாள் அந்தப் பெண்.

விமானம் கிளம்பி மேலே ஏறிய பிறகு அம்மா மெல்லச் சொன்னாள். “எறங்குனதும் கழட்டிடலாம். சின்னவ கிட்ட ஒண்ணும் சொல்லிக்க வேணாம்.”

சரி என்றேன். கோபம் வந்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தேன், ஆனால் கையை அசைக்கும்போதெல்லாம் வளையல்கள் என்னைக் காட்டிக்கொடுத்தன. தண்ணீர் வாங்கினால் சத்தம். சீட் பெல்ட்டைத் தளர்த்தினால் சத்தம். மூன்றாவது இருக்கையில் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தவர் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கையை மடியில் அடக்கி வைத்துக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்தேன். அப்புறம் எதற்காக இப்படி உட்கார வேண்டும் என்று தோன்றியது. வேண்டுமென்றே ஒரு முறை தலைமுடியைச் சரிசெய்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. அதே சமயம் தங்கையின் வளையல்களை வைத்துக்கொண்டு நான் சந்தோஷப்படுகிறேனே, இதனால் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்றும் உள்ளே ஒரு குரல் கேட்டது. நம்பிக்கை கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிற அதே ஆள்தான் இப்படி நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக என்மீதே எரிச்சல் வந்தது. அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூங்குவதுபோல இருந்தாள். தூங்கவில்லை. அம்மா தூங்கினால் குறட்டை வரும்.

கொல்கத்தாவில் இறங்கியதும் பெண்கள் கழிப்பறைக்குப் போனோம். விமானத்தில் வந்ததாலோ, அந்த ஊர்ப் புழுக்கத்தாலோ, கை உப்பியிருந்தது. குழாயடியில் இருந்த சோப்பைத் தடவி அம்மா முதல் வளையலை இழுத்தாள். கணுவில் வந்து இறுகி நின்றது. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். வளையல் லேசாக முனகியது. கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

“வுடு” என்றாள். “வூட்டுல போயி எண்ணெ போட்டு எடுத்துக்கலாம்.”

அங்கே முகம் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அவள் கையில் கல்யாணமான வங்காளிப் பெண்கள் போடும் வெள்ளையும் சிவப்புமான வளையல்கள் இருந்தன. என்னைப் புதுப்பெண் என்று நினைத்திருப்பாள். இந்த வயதில் எனக்கு யார் மாப்பிள்ளை என்று நினைத்தாளோ. செக்-இன் பெட்டிக்காக பெல்ட் பக்கத்தில் போய் நின்றோம். எத்தனையோ வருஷம் கழித்து நான் அங்கே நின்றேன். துப்பட்டாவால் இரண்டு கையையும் மூடிக்கொள்ளச் சொன்னாள் அம்மா. மூடிக்கொண்டேன். டாக்ஸியிலும் அப்படியே வந்தேன். நெரிசலில் டாக்ஸி ஊர்ந்துகொண்டிருந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் யாருக்கும் தெரிந்துவிடக்கூடாது என்று அவள் மறுபடி சொன்னாள். அவளுடைய பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஏதாவது நடந்துவிட்டால், அக்காக்காரி போட்டுக்கொண்டு வந்த வளையல்தானே என்று நாளைக்கு யாராவது சொல்வார்கள். அந்தப் பேச்சு தங்கையையும் காயப்படுத்தும், என்னையும் காயப்படுத்தும். எங்கள் இருவரையும் ஒரே சமயத்தில் காப்பாற்றத்தான் அவள் பாடுபட்டாள். அது புரிந்த பிறகும் துப்பட்டாவுக்குள் என் கை திருட்டுப்பொருள் மாதிரி ஒளிந்திருந்தது எனக்கு வலித்தது.

சாயங்காலம் வீடு போய்ச் சேர்ந்தோம். மாப்பிள்ளை கதவைத் திறந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். அவர் ஓசூர்ப் பக்கத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். பால் வாங்கி வருகிறேன் என்று கீழே இறங்கிப் போய்விட்டார். அம்மா தங்கையின் தலையைத் தடவிவிட்டு, நேராகச் சமையலறைக்குள் எண்ணெய் தேடிப் போனாள். நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

தங்கை இடதுபக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. எங்களைப் பார்த்துச் சிரித்தாளே தவிர, அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. அம்மா உள்ளே போனதும் என் பக்கம் லேசாக நகர்ந்து, தணிந்த குரலில் சொன்னாள்.

“அக்கா, மத்தியானத்துலேர்ந்து அசையவே இல்ல. அவர்கிட்ட சொன்னா பயந்துடுவாரு. நீ வரட்டும்னு இருந்தேன்.”

டாக்டருக்குப் போன் பண்ணலாம், இப்போதே கிளம்பலாம் என்று சொல்லிக்கொண்டே அவள் நெற்றியில் கை வைத்தேன். துப்பட்டா நழுவியது. வளையல்கள் எல்லாம் ஒன்றாகக் குலுங்கின.

அவள் என் கையைப் பார்த்தாள். துப்பட்டாவை மெதுவாக ஒதுக்கிவிட்டு இன்னொரு கையையும் பார்த்தாள். எப்படி, ஏன் என்று எதுவும் கேட்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். ஆட்டு அக்கா என்றாள். நான் ஆட்டினேன். வளைகாப்பு வளையலின் சத்தம் வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்கும் என்பார்கள். அதற்காகத்தான் ஏழாம் மாதத்தில் கை நிறைய அடுக்குகிறோம் என்றும் சொல்வார்கள். கேட்குமோ கேட்காதோ, நான் ஆட்டிக்கொண்டே இருந்தேன். என் உள்ளங்கைக்குக் கீழே ஒரு முட்டல். நான் கையை அசைக்காமல் வைத்துக்கொண்டேன். மறுபடி ஒன்று, முன்னைவிடப் பலமாக, பக்கவாட்டில். தங்கை அழுதுகொண்டே சிரித்தாள். இரண்டாம் முறை பிள்ளை போனபோது அழாதவள் இப்போது சத்தம்போட்டு அழுதாள்.

நிமிர்ந்தபோது வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள், கையில் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. நான் கையை எடுக்கப் பார்த்தேன், தங்கை விடவில்லை. அம்மா உள்ளே வந்து கிண்ணத்தை ஸ்டூலில் வைத்துவிட்டு, தங்கையின் காலடியில் உட்கார்ந்தாள். நடந்ததை நான் சொல்ல ஆரம்பித்தேன். பிள்ளை அசைந்துவிட்டது, இருந்தாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று. அம்மா கேட்டுக்கொண்டே தங்கையின் பாதத்தைப் பிடித்துவிட்டாள். பிறகு, பெட்டியில் எதை எங்கே வைப்பது என்று சொல்கிற அதே குரலில் பேசினாள்.

“எண்ணெ எதுக்கு இப்ப. கழட்டி டப்பால வச்சி, மறுபடி எடுத்து, நடுவுல ஒண்ணு ஒடைஞ்சா? காலைல ஒங்கைலேர்ந்து அப்பிடியே அவ கைக்கு ஏத்திடு. மொதல்ல நீ போடு, மத்தவங்க அப்புறம் போடட்டும்.”

வருகிற பெண்கள் ஏதாவது கேட்டால் என்றேன்.

“கேக்கட்டும்” என்றாள் அம்மா. “எம்பொண்ணு போடுறான்னு சொல்றேன்.”

அம்மா சொல்வதற்கெல்லாம் எதிர்ப்பேச்சு பேசியே வளர்ந்தவள் நான். அன்றைக்குக் கட்டிலின் ஓரத்தில் குனிந்து அழுதேன். தங்கை என் கையை விடாமல் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள், அதற்குள் பிள்ளை இன்னொரு முறை உதைத்தது.